ஜன்னல் கம்பிக்கு நடுவே

தோலூக்காவில் டிசம்பர் வந்தால்
குழாய்த் தண்ணீரே பல்லைக் கூசவைக்கும்.
மூன்று மணிக்கெல்லாம் பானையை ஏற்றிவிட்டோம்,
ஒப்தூலியாவும் நானும்,
முற்றத்தில், தரையில் வைத்த காஸ் அடுப்பில்.
அறுபது பேருக்கான பானை.
ஒரு பிள்ளை உள்ளே ஒளிந்துகொள்ளலாம்.
போன வருஷம் ஒன்று ஒளிந்தது.

முதலில் பட்டை. ஒடித்துப் போடு, பொடிக்காதே.
பிறகு கூம்பு வெல்லம், நான்கோ ஐந்தோ.
தண்ணீர் தேன்நிறத்துக்கு வந்ததும்
புளி கொஞ்சம், காய்ந்த புளிச்சைப் பூ ஒரு கை.
அப்புறம் தேஹோகோத்தே:
நெல்லிக்காய்க்கு அண்ணன், மஞ்சள்,
பச்சையாய்க் கடித்தால் நாக்கில் மாவு அப்பும்,
வெந்நீரில் முக்கியெடுத்தால் தோல் தானே கழன்று வரும்.
இந்த வருஷ விலையைக் கேட்டு
"நகைக்கடை எப்போது வைத்தாய்?" என்றாள் ஒப்தூலியா கடைக்காரனிடம்.
பாதிதான் வாங்கினோம்.
மீதிக்கு ஆப்பிள்.
அதை யாருக்கும் சொல்லவில்லை.

கரும்பு எப்போதும் ரெஃபூஹியோ வீட்டு முறை.
தண்ணீர்த் தொட்டிச் சண்டைக்குப் பிறகு,
மார்ச்சிலிருந்து,
அவனும் நானும் பேச்சில்லை.
படிக்கட்டில் எதிர்ப்பட்டால்
இருவருக்குமே ஷூ நாடா அவிழ்ந்திருக்கும்.
நான்கு மணிக்கு என் வாசலில் ஒரு கட்டு கிடந்தது:
தோல் சீவி, விரல் நீளத்துக்கு நறுக்கி,
ஒவ்வொன்றையும் நாலாக வகிர்ந்து.
எடுத்துப் பானையில் போட்டேன்.
கரும்பு என்ன செய்யும், பாவம்.

கொய்யா கடைசி.
அவசரப்பட்டால் குழைந்து விதை மிதக்கும்.
அந்த வாசனை மாடியேறிப் போய்
மூன்றாம் தளத்து நர்ஸை
நைட் டியூட்டிக்கு முந்திய தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டது.
வந்து, திட்டிவிட்டு, ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு போனாள்.

எட்டு மணிக்குப் போசாதா.
பாதிப் பேர் மெழுகுவர்த்தியோடு தெருவில்,
பாதிப் பேர் கதவுக்கு உள்ளே.
அவர்கள் பாடி இடம் கேட்பார்கள்,
நாங்கள் பாடி இல்லை என்போம்.
வருஷாவருஷம் இல்லை என்போம்,
வருஷாவருஷம் கடைசியில் திறப்போம்.
இம்முறை ஃபெர்மீன் திருகிய வேகத்தில்
சாவி பாதி பூட்டில், பாதி அவன் கையில்.

வெளியே சிரித்தார்கள்.
இன்னொரு முறை பாடினார்கள்.
பாட்டு தீர்ந்துபோயிற்று.
ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கியது.
பூட்டுக்காரர் மெதேபெக்கில், வேறொரு போசாதாவில்,
வாய் நிறைய எதையோ மென்றபடி
"முக்கால் மணி நேரம்" என்றார்.

தெருப்பக்கம் இருப்பது என் ஜன்னல் ஒன்றுதான்.
மண் கோப்பை கம்பிக்குள் நுழையவில்லை.
காபி மக் நுழையவில்லை.
ஒப்தூலியாதான் ஓடிப்போய்
சாமிக்கு ஏற்றி எரிந்து தீர்ந்த
மெழுகுவர்த்திக் கண்ணாடிகளைக் கொண்டுவந்தாள்;
எல்லா வீட்டிலும் கழுவி வைத்திருப்போமே, ஒல்லியாக, அவை.
கரும்பு அதில் நிமிர்ந்து நின்றது.
இருபத்தெட்டுக் கண்ணாடி, கைக்குக் கை.
கையுறை இல்லாத விரல்களெல்லாம்
அதைப் பிடித்ததும் மூடிக்கொண்டன.

வரிசையின் வாலில் ரெஃபூஹியோ.
அந்தப் பெயருக்குப் புகலிடம் என்று பொருள்.
வைத்தவர்களுக்கு இந்த இரவு முன்பே தெரிந்திருக்கும்.

பெரியவர்களுக்கு ரம் ஊற்றுவதைக்
கொட்டு என்போம், தேள் கொட்டுவதுபோல.
"கொட்டு வேண்டுமா?"
மார்ச்சுக்குப் பிறகு என் முதல் வார்த்தை.
"இரண்டு."

குடித்தான். அடியில் துழாவினான்.
ஒரு துண்டை விரலால் எடுத்துத்
தெருவிளக்கில் பிடித்துப் பார்த்தான்.
"இது ஆப்பிள்."
"வெளியே சொல்லிவிடாதே."
"நான் வெளியேதான் நிற்கிறேன்."

முதலில் யார் சிரித்தது என்று
இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

பத்தே காலுக்குக் கதவு திறந்தது.
உள்ளே யாரும் வரவில்லை.
நாங்கள்தான் பானையை நால்வர் தூக்கிக்கொண்டு
தெருவுக்குப் போனோம்.
பூட்டுக்காரர் மூன்று கண்ணாடி குடித்தார்,
கூலியில் ஒன்றும் குறைக்கவில்லை.

காலையில் ஜன்னலுக்குக் கீழே
மென்று துப்பிய கரும்புச் சக்கை.
பெருக்கினேன்.
மாடியில் தொட்டி நிரம்பும் சத்தம்.
இன்றைக்கு யார் முறை என்று
இனிமேல்தான் கேட்க வேண்டும்.